வாசல் தெளித்த சனிக்கிழமை

1

அமெரிக்காவில் எல்லாப் பண்டிகையும் சனிக்கிழமைதான் வரும். தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தால் நான்கு நாள் காத்திருக்கும். பொங்கல் வாரத்தின் நடுவே வந்தால், சூரியன் எங்களுக்காகக் கொஞ்சம் தள்ளித் தை மாதத்துக்குள் நுழைவார். பதினான்கு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறோம். எந்தச் சாமியும் இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நேற்று எங்கள் வீட்டுப் பொங்கல். இதை ஞாயிறு காலையில் எழுதுகிறேன். கரூரில் இருக்கும் அம்மா ஃபோன் பண்ணினாள். "நல்லாக் கும்பிட்டோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நடந்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் யாரிடமாவது தமிழில் சொல்லியாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்றுக் காலை ஒன்பது மணியிலிருந்து பயமாக இருக்கிறது.

பார்சிப்பனி என்கிற இந்த ஊரில் போன வசந்தத்தில்தான் சொந்த வீடு வாங்கினோம். அதுவரை அபார்ட்மெண்ட். அங்கே கதவைத் திறந்தால் கார்ப்பெட் போட்ட நடை. வாசல் என்று ஒன்று கிடையாது. பண்டிகைக்கு ஸ்டிக்கர் கோலம் ஒட்டுவேன், மறுநாள் பிய்த்துப் பத்திரமாக அட்டைக்குள் வைப்பேன். பனி பெய்தால் நாங்கள் எழுந்திருப்பதற்குள் ஆட்கள் வந்து வழித்து, ஐஸ் கட்டாமல் இருக்க உப்புப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பதினான்கு குளிர்காலம் கண்டவள் என்று பெயர்தான். ஒரு படியைக்கூட நான் பார்த்துக்கொண்டதில்லை.

இந்த வீட்டுக்கு முன்னால் மூன்று சிமெண்ட் படிகள் இருக்கின்றன. சொந்த வீட்டில் முதல் பொங்கல். ஸ்டிக்கரை எடுக்க மனம் வரவில்லை. காலை ஆறே காலுக்கு நைட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வாசல் தெளிக்கக் கிளம்பிவிட்டேன். வெளியே உங்கள் ஊர் செல்சியஸ் கணக்கில் பூஜ்யத்துக்கு ஏழு டிகிரி கீழே. நான் ஒன்றும் முட்டாள் இல்லை, தண்ணீர் உறையும் என்று தெரியும். அதனால்தான் வெந்நீர் எடுத்துப் போனேன். ஒரு பக்கெட் வெந்நீர். ஊற்றினேன், ஆவி பறந்தது, துடைப்பத்தால் தள்ளினேன், பழைய துண்டு போட்டு ஒத்தியும் எடுத்தேன். பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது. மேல்படியில் அரிசி மாவில் சிறியதாக ஒரு கோலம் போட்டேன். விரல் விறைத்துப்போய்ப் புள்ளி கோணலாக விழுந்தது. இருந்தாலும் எனக்குப் பரம திருப்தி. கீழ்ப்படி இரண்டிலும் தண்ணீர் வழிந்திருந்ததை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கரூரில் வாசலில் தண்ணீர் தெளித்தால் பக்கெட்டைக் கீழே வைப்பதற்குள் மண் குடித்துவிடும். தண்ணீர் ஓர் இடத்தில் தங்கும் என்று பயப்பட அந்த ஊர் எனக்குச் சொல்லித் தரவே இல்லை.

2

எட்டு மணிக்குப் பனி பெய்ய ஆரம்பித்தது. பெரிய பனி இல்லை. அரை மணி நேரம் மாவு சலித்த மாதிரி விழுந்து நின்றுவிட்டது. என் மகள் மித்ராவுக்குப் பதினொரு வயது. ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, "சாட்டர்டேலயா பெய்யணும், வேஸ்ட்" என்று பாதி ஆங்கிலத்தில் சலித்துக்கொண்டாள். பள்ளி நாளில் பெய்தால்தானே லீவு கிடைக்கும். என் வீட்டுக்காரர் தங்கவேல் ஹீட்டரை ஏற்றிவிட்டு மறுபடி போர்வைக்குள் போனார். நான் பொங்கப் பானையாக நியமிக்கப்பட்ட பித்தளைக் குண்டாவை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு கார் ஓடவில்லை. இந்த ஊர்ச் சனிக்கிழமையின் அமைதி உங்களுக்குப் புரியாது; பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் கேட்கும்.

அப்படித்தான் அந்தச் சத்தம் கேட்டது. 'தொப்'பென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டு டோரத்தி கடைசிப் படிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். எழுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர். எங்களுக்கு வர வேண்டிய பார்சல் ஒன்று தப்பாக அவர் வீட்டில் இறங்கிவிட்டதாம். அதைக் கொடுக்க வந்திருக்கிறார். பார்சல் புல்தரையில் கிடந்தது. இடது மணிக்கட்டு, கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"ஐ ஆம் ஓகே, ஹனி" என்றார். உதடு வெளுத்திருந்தது. "உன் பார்சல் உடைந்துவிட்டதா பார்."

நான் ஓடி இறங்கப் போனேன். இரண்டாவது படியில் என் கால் வழுக்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். குனிந்து பார்த்தேன். மெல்லிய பனிக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். படியின் அகலம் முழுக்க, நான் துடைப்பத்தால் தள்ளிய தடத்தோடு.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் டோரத்தியின் கை ஞாபகம் வரவில்லை. எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம்தான் ஞாபகம் வந்தது.

ஊரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஒரு தடவை அம்மா துணி துவைத்த சோப்புத் தண்ணீரில் எதிர்வீட்டு அக்கா வழுக்கி விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கும் முன்பே வைய ஆரம்பித்துவிட்டாள். அம்மாவும் விடவில்லை. "கண்ணு என்ன பொடனீலயா இருக்குது?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் தெருவே கூடி நின்றது. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து சந்தைக்குப் போனார்கள். டோரத்தி என்னை அப்படி நாலு வார்த்தை வைதிருந்தால் நேற்றே எல்லாம் முடிந்திருக்கும். அவர் என் பார்சலைப் பற்றிக் கவலைப்பட்டார்.

3

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணினால் இங்கே போலீஸும் சேர்ந்து வரும். வந்த போலீஸ்காரர் வயதில் சின்னவர், மரியாதையானவர். டோரத்தியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் பக்கம் திரும்பி, "என்ன நடந்தது, மேடம்?" என்று கேட்டார்.

"ஸ்னோ" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். நான் யோசித்துச் சொல்லவில்லை, யோசிக்காமலும் சொல்லவில்லை. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். "கொஞ்சம் உப்புப் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் மித்ரா நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே வந்ததும் தங்கவேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வெந்தண்ணியா? எதுக்கு வாசு? ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் இருந்துச்சல்ல?"

"நீங்க எந்திரிச்சு வந்து தடுத்திருக்கோணும்."

"நாந் தூங்கிட்டு இருந்தேன்."

"அதத்தான் நானும் சொல்றேனுங்க."

அவர் ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். பயந்த தமிழன் முதலில் கும்பிடுவது கூகிளைத்தான். பத்து நிமிஷம் கழித்து நிமிர்ந்தார். "தானாப் பேஞ்ச பனீல வழுக்கினா அவ்வளவாப் பிரச்சனை இல்லையாமா. நாமளே தண்ணி ஊத்தி ஐஸ் ஆச்சுன்னா அது நம்ம தப்பாமா. கேஸ் போடலாமாமா." படித்தது சரியோ தப்போ எனக்குத் தெரியாது. ஆனால் படித்தவரின் முகம் அமாவாசை ஆகிவிட்டது.

கேஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒரு முழு ஊர்வலமே வரும். பதினான்கு வருட விசா. கடைசிக் கட்டத்தில் நிற்கும் விண்ணப்பம். எந்தக் கடிதம் வந்தாலும் உறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத் திறக்கும் பழக்கம். வேகமாகக் கார் ஓட்டி ஒரு டிக்கெட் வாங்கினால்கூட ஒரு வாரம் தூங்காத ஜாதி நாங்கள். இதில் ஐஸ் ஒரு தப்பு என்றால், போலீஸிடம் சொன்ன பொய் இன்னொன்று. ஐஸ் தெரியாமல் செய்தது. பொய்யை என்னவென்று சொல்வது? இந்த நாட்டில் இதுவரை ஒரு படிவத்திலும் நான் பொய் எழுதியதில்லை. பிறந்த நேரம் கேட்டால்கூட எழுதிவிடுவேன்.

தங்கவேல் எழுந்து போய் ஒரு மூட்டை உப்பையும் படியில் கொட்டினார். பதினொரு மணிக்கு வெயில் வந்தது. பனி இருந்த இடம் தெரியாமல் போனது. ஐஸும் போனது, கோலமும் போனது. படி ஈரமாக, எதுவுமே தெரியாத மாதிரி கிடந்தது.

"முடிஞ்சுது" என்றார். பிறகு என்னவோ ஞாபகம் வந்தவராக நிமிர்ந்து கதவைப் பார்த்தார்.

அழைப்பு மணியில் கேமரா. வீடு வாங்கியவுடன் அவரே ஆசைப்பட்டு மாட்டியது.

ஃபோனில் தேடி எடுத்தார். காலை ஆறு பதினேழு. நைட்டியும் ஜாக்கெட்டுமாக நான். பக்கெட்டைச் சாய்க்கிறேன். ஆவி எழுந்து கேமராவையே மறைக்கிறது. பிறகு துடைப்பம். ஐம்பது விநாடி. என் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"டெலிட் பண்ணீர்றேன்" என்றார். கட்டை விரல் அதன்மேல் நின்றது.

"வேண்டாங்க."

"பைத்தியமா உனக்கு?"

"வேண்டாம்னா வேண்டாம். குடுங்க இங்க."

ஏன் தடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. நல்லவள் என்பதால் இல்லை. அழித்தால் அது மூன்றாவது தப்பு, அவ்வளவுதான். பயத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது, அதற்கு மேல் சுமக்க முடியாது. அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கி அந்தக் காட்சியை என் ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டேன்.

4

பொங்கல் அடிப்பிடித்திருந்தது. மேலாக இருந்ததை எடுத்துச் சாமிக்குப் படைத்தோம். "பொங்கலோ பொங்கல்" சொல்லாமலே சாப்பிட உட்கார்ந்தோம். மித்ரா ஒரு ஸ்பூன் எடுத்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"சாப்பிடு அம்மிணி" என்றார் அவள் அப்பா.

"நாட் ஹங்ரி."

பிறகு என்னிடம் வந்து, மெதுவாக, குற்றம் சாட்டாமல், ஆங்கிலத்தில் கேட்டாள். "அம்மா, நீ தண்ணி ஊத்தினதை நான் மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தேன். அந்த ஆஃபீஸர்கிட்ட ஏன் ஸ்னோன்னு சொன்னே?"

"உனக்குப் புரியாது."

"ஓகே" என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகளின் "ஓகே" இருக்கிறதே, அதற்கு ஓர் அறை கொடுத்திருக்கலாம். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டோரத்தி அவளுக்கு யார் என்று நான் இன்னும் சொல்லவில்லையே. ஸ்கூல் பஸ் மூன்று மணிக்கு இறக்கிவிடும். நான் வேலையிலிருந்து வர மூன்றே முக்கால் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் மித்ரா டோரத்தி வீட்டில். சீட்டு விளையாடுவார்கள். தோற்றால் டோரத்தி உண்மையிலேயே கோபித்துக்கொள்வாராம், அதுதான் இவளுக்குப் பிடிக்கும். நாங்களாகக் கேட்கவில்லை. குடிவந்த இரண்டாம் வாரத்தில் இவள் படியில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே கூப்பிட்டுக்கொண்டார்.

இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தது. திரையில் டோரத்தி பெயர். தங்கவேலும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "எடுக்காத" என்று கை காட்டினார். எடுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். மணிக்கட்டு எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறார்கள், இடுப்பில் அடி, முறிவு இல்லை. குரல் தெம்பாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்.

"உன்னை ரொம்பப் பயமுறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள் வாசு."

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பென்சில்வேனியாவிலிருந்து பிரையன் வந்திருக்கிறான்" என்றார். பிரையன் அவருடைய ஒரே மகன். "அவன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டான். இலையுதிர் காலத்தில் ஒரு தடவை விழுந்தேன் இல்லையா, இது இரண்டாவது. இவ்வளவு கொஞ்சம் பனியில் யார் விழுவார்கள் என்று கேட்கிறான். சரிதானே? தபால்காரர் நடக்கிறார், எல்லோரும் நடக்கிறார்கள். டாக்டரும் தலை சுற்றியதா, கண் இருட்டியதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, வாசு. நின்றுகொண்டிருந்தேன், அப்புறம் தரையில் கிடந்தேன். கால்கள் அதுவாகவே விட்டுவிட்டன போல."

"அப்படியெல்லாம் இல்லை" என்றேன். அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

"இங்கிருந்து நேராக அவன் ஊர் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், நான்தான் பிடிவாதமாக இருந்தேன். இப்போது என் கால்மேல் எனக்கே நம்பிக்கை இல்லையே." பிறகு சொன்னார், "மித்ராவிடம் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடு."

ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழுதேனா, அவருக்காக அழுதேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கால்களில் ஒரு குறையும் இல்லை. இருபது வயசுக்காரனை நிறுத்தினாலும் அந்தப் படி அவனைத் தூக்கி அடித்திருக்கும். அது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பது விநாடிக்கு அத்தாட்சியும் என்னிடம் இருந்தது.

தங்கவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வயசானா எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான் வாசு. நம்மனாலயா?"

"நம்மனாலதானுங்க."

"இப்பப் போயி மாத்திச் சொன்னா ரெண்டு தப்பு ஆயிருமல்ல? கார்டு வரட்டும். வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

"கார்டு எப்ப வரும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆளை நான் பதினான்கு வருடமாகப் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அம்மா அப்பா ஊரில், தம்பி பிள்ளைகள் படிப்பு இவர் கையில், எல்லாமே அந்த அட்டையில் தொங்குகிறது. மதியம் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

5

நான்கரைக்குப் பக்கத்து வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. பிரையன். அம்மாவின் துணிமணி எடுக்க வந்திருப்பார். ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒவ்வோர் அறையாக விளக்கு எரிந்தது.

ஜாக்கெட்டை எடுத்தேன். தங்கவேல் கதவை மறைத்தார் என்று சொல்ல முடியாது, கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம், வாசு."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம."

"திங்கக்கெழமை கேப்போம்."

"திங்கக்கெழமை அவங்க அங்க போயிருப்பாங்க. அப்புறம் சொல்லி என்ன பிரயோசனம்?"

"எனக்குப் பயமா இருக்குது" என்றார். இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எனக்கு மட்டும் என்னங்க?" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிரையன் கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும், பெரிய உடம்பு. ஒரு கையில் அம்மாவின் மாத்திரை டப்பா, இன்னொரு கையில் வீட்டுச் செருப்பு. காலையில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னதற்காக எனக்கு நன்றி சொன்னார். உள்ளே வரச் சொன்னார். அந்த நன்றியைக் கேட்டதும் அப்படியே திரும்பிவிடலாமா என்று ஒரு விநாடி தோன்றியது.

"உங்கள் அம்மாவுக்குத் தலை சுற்றவில்லை" என்றேன். "அவர் காலிலும் ஒன்றும் இல்லை. அந்தப் படியில் பனிக்கு அடியில் ஐஸ் இருந்தது. காலையில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்."

அவருக்குப் புரியவில்லை. "தண்ணீரா? எதற்கு?"

எதற்கு? எட்டு மணி நேரமாகப் பதில்களை ஒத்திகை பார்த்திருந்தேன், இந்தக் கேள்விக்கு மட்டும் பார்க்கவில்லை. "எங்களுக்குப் பண்டிகை. வாசலைக் கழுவ வேண்டும்" என்றேன். அது அவருடைய மொழியில் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது என்று என் காதிலேயே விழுந்தது. பேசி ஆகாது என்று ஃபோனை எடுத்துக் காட்டினேன்.

ஐம்பது விநாடியும் பார்த்தார். செருப்பை மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். இரண்டாம் முறை, தண்ணீர் கீழ்ப்படிக்கு வழியும் இடத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"போலீஸிடம் இதைச் சொன்னீர்களா?"

"இல்லை. ஸ்னோ என்று சொன்னேன்."

"ஏன்?"

"பயம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் கோபமா, நிம்மதியா, எதையும் என்னால் படிக்க முடியவில்லை. பதினான்கு வருடத்தில் இவர்கள் மொழி வந்துவிட்டது, முகம் இன்னும் வரவில்லை.

"இதை எனக்கு அனுப்புங்கள்" என்றார்.

டாக்டருக்குக் காட்டவா, அம்மாவுக்குக் காட்டவா, வக்கீலுக்குக் காட்டவா என்று நான் கேட்கவில்லை. அவர் தன் ஃபோன் எண்ணைச் சொன்னார். இரண்டு முறை தப்பாக அடித்தேன். அவர் பொறுமையாகத் திரும்பவும் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். மூன்றாவது முறை, செருப்புக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்த அவருடைய ஃபோன் அதிர்ந்தது.